வாலாஜாவில் படுத்துக்கொண்ட ஜரினா

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைதாப்பேட்டை வீட்டு ஹாலில் நன்னாரி சர்பத் வாசனையும் புதுப் பெயிண்ட் வாசனையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. சர்பத் அம்மா கலக்கியது. பெயிண்ட் அத்தாவின் கைவண்ணம். லாரிக்கு அடித்து மீந்த பச்சையை வீணாக்க மனமில்லாமல் ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் பூசிவிட்டிருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்துக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்ததும் ஹாலில் இருந்த எல்லோரும் தங்களையறியாமல் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாதவர். சமோசாவில் கவனமாக இருந்தார். மாப்பிள்ளை யூசுஃப் தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்ததில் அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் பச்சைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது.

பேச்சு மெல்லச் சூடு பிடிக்கும் நேரத்தில் அத்தாவின் செல்ஃபோன் அலறியது.

வருஷக்கணக்காக லாரி ஓட்டியதில் அத்தாவின் இடது காதை எஞ்சின் தின்றுவிட்டது. வலது காதில் பாதியை ஹாரன் தின்றுவிட்டது. அதனால் அவருக்கு எந்த ஃபோன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரை அழுத்தினார்.

டிரைவர் கன்னியப்பனின் குரல் ஹால் முழுக்க ஒலித்தது.

"பாய்! ஜரினா படுத்துக்கிச்சி பாய்!"

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் கையில் இருந்த சர்பத் டம்ளர் அந்தரத்தில் நின்றது. ஏனென்றால் பெண்ணின் பெயர், அதாவது என் பெயர், ஜரினா.

பாரம் இல்லை, பாரம் தூக்குகிறவர்கள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அத்தாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். மெஹருன்னிசா, ஃபரிதா, நான். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் மார்க்கெட்டில் யாரோ ஒருவர், "மூணு பாரத்தையும் எப்படி பாய் எறக்கி வெப்பே?" என்று அத்தாவிடம் அனுதாபப்பட்டாராம். அத்தா சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

"என் பொண்ணுங்க பாரம் இல்லய்யா. பாரம் தூக்குறவங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் லாரி கம்பெனிக்கு ஒவ்வொன்றாக வாங்கிய மூன்று லாரிகளின் நெற்றியிலும் எங்கள் பெயர்களை எழுதி வைத்தார். பழைய வண்டி போய்ப் புது வண்டி வந்தாலும் பெயர் மாறாது. மெஹருன்னிசா சிமெண்ட்டும் டைல்ஸும் ஏற்றுவாள். ஃபரிதா மயிலாப்பூர்க் கடைகளுக்குப் பாத்திரம் கொண்டு வருவாள். ஜரினா பெங்களூரிலிருந்து தி.நகருக்குப் புடவை.

இதில் எனக்கு மட்டும் கொஞ்சம் துரதிர்ஷ்டம். என் முறை வந்தபோது அத்தா வாங்க முடிந்தது ஒரு பழைய வண்டி. எங்கே எப்போது நிற்கும் என்று வண்டிக்கே தெரியாது. "ஜரினா மக்கர் பண்றா", "ஜரினாவுக்கு எண்ணெய் ஒழுகுது", "ஜரினாவ நாலு பேர் சேந்து தள்ளிக்கினு வந்தோம்" என்றெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கேலி செய்தால் எனக்கு உறைக்கவே உறைக்காது. வீட்டிலேயே அதைவிடப் பெரிதாகக் கேட்டிருப்பேன்.

இன்று கம்பெனி என் பொறுப்பில் இருக்கிறது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஃபோனில் நீலப் புள்ளியாகத் தெரிந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் நீலப் புள்ளியை நம்பி யாரும் ஊருக்கெல்லாம் ஜிலேபி கொடுத்துவிட முடியாது.

ஜிலேபி

சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு மெஹருன்னிசா அக்கா ஃபோன் செய்தாள். "ஜிலேபி கதைய மட்டும் எழுதிடாதே, என் மாமியார் ஊட்ல எல்லாரும் இந்தப் பத்திரிகைய படிக்கிறாங்க" என்றாள். மன்னித்துவிடு அக்கா.

அக்காவைத் தலைப் பிரசவத்துக்கு ராயப்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்திருந்தோம். அம்மாவும் ஃபரிதாவும் அங்கே. அத்தா சைதாப்பேட்டை ஆபீஸில் முள்மேல் உட்கார்ந்திருந்தார். அப்போது ஃபோன்.

"பாய், மெஹருன்னிசா நல்லபடியா எறக்கியாச்சி. ஒரு சேதாரம் இல்ல."

பேசியவர் திருச்சிக்கு டைல்ஸ் கொண்டுபோன டிரைவர். அத்தாவின் காதில் விழுந்தது மகளின் பெயரும் "நல்லபடியா"வும் மட்டும்தான். யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நேராக மிட்டாய்க் கடைக்குப் போய்க் கூடையோடு ஜிலேபி வாங்கி, மீன் மார்க்கெட் தொடங்கி கோர்ட் வாசல்வரை ஒருவர் விடாமல் கொடுத்தார். "பையனா, பொண்ணா பாய்?" என்று கேட்டவர்களிடம், "இன்னாவா இருந்தா இன்னா நைனா, நல்லபடியா எறங்கிடுச்சி" என்றாராம்.

மிச்ச ஜிலேபியோடு நர்ஸிங் ஹோமுக்குப் போனால், அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்தா, யாருக்கு ஜிலேபி?"

அத்தா கூடையைப் பார்த்தார். அக்காவின் வயிற்றைப் பார்த்தார். "டைல்ஸுக்கு" என்றார்.

மறுநாள் பையன் பிறந்தான். இன்றைக்கும் சைதாப்பேட்டையில் பாதிப் பேர் அவன் பிறந்த நாளை ஒரு நாள் முன்னதாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

வெங்கடாசலபதியும் 786-உம்

இன்னொருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஹாலுக்குத் திரும்புகிறேன்.

நாயுடு மாமா. அத்தாவும் அவரும் பாரிமுனையில் வேறொருவரிடம் டிரைவர்களாக இருந்தவர்கள். இருவரும் சேர்ந்துதான் எங்கள் கம்பெனியின் முதல் லாரியை வாங்கினார்கள். அதன் நெற்றியில் வலது பக்கம் திருப்பதி வெங்கடாசலபதி, இடது பக்கம் 786. செக்போஸ்ட்டில் நிறுத்துகிறவர்கள் வணக்கமா, ஸலாமா என்று குழம்பி இரண்டும் வைப்பார்களாம்.

அப்படி இருந்தவர்கள் பிரிந்தது ஒரு ஹாரனால். நாயுடு மாமா ராகமாய்ப் பாடுகிற ஏர் ஹாரன் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "இது லாரியா, கல்யாண பேண்டா?" என்றார். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டாத்தான் நீ வரமாட்டியே" என்றார் நாயுடு மாமா, வேறொரு பழைய மனத்தாங்கலை வைத்து. வார்த்தை தடித்தது. வண்டியும் ஹாரனும் அவரோடு போயின. பக்கத்துத் தெருவிலேயே அவர் தனிக் கம்பெனி தொடங்கினார்.

அதன்பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுப் பிரியாணி அங்கே போகும். திருப்பதி லட்டு இங்கே வரும். அம்மாவும் நாயுடு மாமி லட்சுமியும் பாத்திரத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள். ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

வருஷங்கள் இப்படியே ஓடின.

பெயிண்ட்டைப் பார்த்து மயங்குகிறவன்

இப்போது ஹாலுக்கு வருவோம்.

"ஜரினா படுத்துக்கிச்சி" என்று கன்னியப்பன் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். அத்தா ஸ்பீக்கரை அணைக்கத் தடவினார். பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டுகிற பட்டனை அழுத்திவிட்டார்.

"வாலாஜா தாண்டி ரோட்டோரமா கெடக்குது பாய். காலையிலேந்தே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. மூச்சு வாங்கிக்கினே வந்துது. பொகை பொகையா கக்குது. தட்டிப் பார்த்தேன், இன்னா பண்ணாலும் எழுந்துக்க மாட்டேங்குது."

"கன்னியப்பா, நான் அப்புறமா..."

"நான் எத்தினி தபா சொன்னேன் பாய்! இத இன்னமும் வெச்சிக்கினு இருக்காதீங்க, எவன் தலையிலயாச்சும் கட்டிடுங்கன்னு சொன்னேனா இல்லியா? இப்பதான் புதுசா பெயிண்ட் அடிச்சி ஷோக்கா கீது. வர்றவன் வெளிய பாத்து மயங்கிடுவான். உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கப்போறான்?"

சமோசா அப்பாவுக்குப் புரையேறியது.

அம்மா திரைக்கு இந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். யூசுஃப் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"அது எங்க லாரிம்மா," என்றார் அத்தா.

"லாரிக்குப் பொண்ணு பேரா வைப்பாங்க?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. தப்பு விடையைத் திருத்துகிற குரல்.

அத்தா, "பொறவு பேசறேன் கன்னியப்பா" என்று சொல்லி, ஃபோனை அணைத்து, சர்பத் தட்டின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

லோடு நடுரோட்டில் நிற்கும்போது அத்தா ஃபோனைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் அந்த லோடு. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியின் சரக்கு. எங்களை நம்பி முதன்முதலில் லோடு கொடுத்தவர் அவர். மறுநாள் காலையில் அவருடைய புதுக் கடை திறப்பு. அலமாரிகள் காலியாக நிற்க, புடவையெல்லாம் வாலாஜாவில் கிடக்கிறது. அந்தச் சரக்கு வந்து சேரவில்லை என்றால் தி.நகர் தெருவில் இனி எவரும் எங்களை நம்ப மாட்டார்கள்.

எல்லாம் தெரிந்தும் அத்தா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். எனக்காக.

படுக்காத ஜரினா

காலேஜ் முடித்ததிலிருந்து ஆபீஸில் ஃபோன் எடுப்பது என் வேலை. எந்த வண்டி எங்கே, எந்த டிரைவருக்கு என்ன சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். திரையை விலக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். முந்தானையைத் தலையில் போட்டிருந்தேனா என்பது இன்றுவரை அம்மாவுக்கும் எனக்கும் தகராறு.

"அத்தா, ஃபோனைக் குடுங்க."

"நீ உள்ள போம்மா."

"அண்ணாச்சிக்கு நாளைக்குக் கடை திறப்பு அத்தா."

அவர் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். கன்னியப்பனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது.

"அண்ணே, நான் ஜரினா பேசறேன்."

"எந்த ஜரினா?"

"படுக்காத ஜரினா."

இந்தமுறை யூசுஃப் வாயைப் பொத்த மறந்துவிட்டார். வெடித்துச் சிரித்தவர், உடனே என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்காண்ணே? அந்தப் பக்கம் மழை எப்படி?"

"இப்ப இல்ல பாப்பா. மேகம் கட்டிக்கினு கீது."

"நம்ம வண்டி எதுவும் அந்த ரூட்ல இல்ல. வேற யாராவது காலியா வர்றாங்களா?"

கன்னியப்பன் இழுத்தார். "நாயுடு வண்டி ஒண்ணு வேலூர்ல ஃப்ரிட்ஜ் எறக்கிட்டு காலியா வருதாம். ஆனா வேணாம் பாப்பா. பாய் கோவிச்சுக்குவாரு."

நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும். கன்னியப்பனை வைத்துவிட்டு நாயுடு மாமாவைக் கூப்பிட்டேன்.

"நாயுடு மாமா, நான் ஜரினா."

"சொல்லும்மா. வாலாஜாவுலதானே? எங்க டிரைவர் அப்பவே சொல்லிட்டான். உங்க நைனா ஒரு வார்த்தை கேக்கமாட்டாரான்னு ஃபோனையே பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."

அத்தா எழுந்தார். ஃபோனுக்குக் குனிந்தார்.

"டேய் நாயுடு."

"சொல்லு காதரு."

"வர்றது ஹாரன் வெச்ச வண்டியா?"

"அதே மாதிரி ஹாரன்தான். இஷ்டம் இருந்தா ஏத்து."

"ஏத்துறேன். வர்ற வழியில ஊதிக்கினே வரச் சொல்லு. எனக்குக் காது கேக்கறதில்ல."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மழைக்கு முன்னால் புடவை மூட்டைகள் வண்டி மாறின. பொழுது விடிந்தபோது நாயுடு மாமாவின் லாரி அண்ணாச்சி கடை வாசலில் நின்றது. கடை திறப்புக்கு அத்தாவும் நாயுடு மாமாவும் ஒரே ஆட்டோவில் போனார்கள். அண்ணாச்சி இருவருக்கும் ஒரே மாதிரி வேட்டி எடுத்துக் கொடுத்து, "லோடு வந்தது பெருசில்ல வே, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்க பாத்தீயளா, அதுதான் எனக்குத் திறப்பு விழா" என்றாராம்.

எஞ்சினை இறக்குங்கள்

அதெல்லாம் மறுநாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீடு சாவு வீடு மாதிரி இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போகும்போது வாசலில் நின்று, "பொண்ணு நல்லாப் பேசறா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரொம்ப நல்லாப் பேசறா" என்றார். இரண்டாவது முறை சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, அவர்களுக்கு அமைதியான பெண்தான் வேண்டுமாம் என்றார்.

அம்மா வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுதார். அன்றைக்கு வேண்டிய வெங்காயத்தைவிட அதிகமாகவே நறுக்கினார். நான் அழவில்லை; சர்பத் டம்ளர்களை ஒன்றுக்கு நான்கு முறை தேய்த்துக் கழுவினேன். யூசுஃபின் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அத்தா அந்த வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். வாலாஜாவிலிருந்து கட்டி இழுத்து வந்த லாரி, ஆற்றோரத்து எங்கள் ஷெட்டில் நின்றது. அதன் நெற்றியில் இருந்த பெயரை அழித்துவிடச் சொன்னார்.

"உன் பேரை வெச்சது என் தப்பும்மா. அதனாலதானே..."

"பேரை அழிச்சா எஞ்சின் சரியாயிடுமா அத்தா?"

அவர் வண்டியின் நெற்றியைப் பார்த்தார்.

"எத்தனை பெயிண்ட் அடிச்சீங்க இந்த வண்டிக்கு! ஒருதடவையாவது எஞ்சினை இறக்கிப் பார்த்தீங்களா? கன்னியப்பண்ணன் சொன்னதுல என்ன தப்பு? பெயிண்டரை அனுப்பிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பேர் அப்படியே இருக்கட்டும். என் பேரைச் சொல்லி இனிமே ஒருத்தரும் வண்டி தள்ளக் கூடாது."

அத்தா ஷெட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் கம்பெனிப் பொறுப்பு எடுத்துக்கொண்ட விழா அவ்வளவுதான்.

எஞ்சின் சங்கிலியில் தொங்கியபடி வெளியே வந்தது. கரியும் கசடுமாக, பிரியாணி அடிப்பிடித்த தேக்சா போல இருந்தது. தினமும் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் முதலில் என்னை "பாப்பா, தள்ளி நில்லு, அழுக்காயிடும்" என்றார். பிறகு "பாப்பா, அந்த ஸ்பானரை எடு" என்றார். கடைசியில் வண்டி கிளம்பிய நாளன்று கன்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இனிமே இத எவன் தலையிலயும் கட்டவேணாம் பாப்பா, நம்பளே வெச்சிக்கலாம்" என்றார்.

மத்திய கைலாஷ் திருப்பம்

சில மாதங்கள் ஓடின. ஜரினாவும் ஓடினாள். தரமணியில் புதிது புதிதாக ஆபீஸ்கள் திறந்துகொண்டிருந்த சமயம். மேஜை நாற்காலி ஏற்றுகிற வேலை எங்களுக்கு நிறைய வந்தது.

ஒரு நாள் காலை ஆபீஸ் ஃபோன் அடித்தது.

"ஹலோ, லாரி கம்பெனிங்களா? வண்டிப் பின்னாடி நம்பர் பார்த்துக் கூப்பிடறேன்."

"சொல்லுங்க. எங்கேர்ந்து எங்கே லோடு?"

"லோடு இல்லீங்க. ஜரினாவைப் பத்திச் சொல்லணும்."

யார் மேலோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "என்ன ஆச்சு சார்? யாருக்காவது அடிபட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. மத்திய கைலாஷ் திருப்பத்துல எங்க ஆபீஸ் பஸ் படுத்துருச்சு. எல்லாரும் ரோட்ல நிக்கிறோம். இப்பத்தான் ஜரினா எங்களைத் தாண்டிப் போச்சு. பொகைகூட இல்ல. சொல்லணும்னு தோணுச்சு. நான் யூசுஃப்."

"தெரியுது."

"அன்னிக்கு நான் சிரிச்சதுல உங்களுக்குக் கோபமா?"

"சிரிச்சதுல கோபம் இல்ல. போனதுலதான்."

அவர் பக்கத்தில் வண்டிகள் இரைந்துகொண்டு போயின.

"அம்மாகிட்ட நான் பேசறேன்," என்றார்.

"நல்லாப் பேசுங்க," என்றேன். "ரொம்ப நல்லாப் பேசுங்க."

மறுபடியும் அந்தச் சிரிப்பு. இந்தமுறை வாயைப் பொத்தவில்லை என்று ஃபோனிலேயே தெரிந்தது.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைச் சம்மதிக்க வைக்க யூசுஃபுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. "லாரிக்காரப் பொண்ணு" என்று தொடங்கிய பேச்சு, "அந்தப் பொண்ணு" ஆகி, "அந்த ஜரினா" ஆனதாம். இதெல்லாம் பிற்பாடு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே எனக்குச் சொன்னது. அன்றைக்கு ஹாலில் நான் ஃபோனை எடுத்த விதம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்ததாம். முப்பது பேர் கத்துகிற வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை எழுந்து பதில் சொன்ன மாதிரி இருந்ததாம். பிடித்ததை உடனே சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் மறுபடி வந்த அன்று அம்மா அத்தாவின் ஃபோனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைக்கப் பார்த்தார். அத்தா விடவில்லை. நாயுடு மாமாவும் லட்சுமி மாமியும் பெண் வீட்டுக்காரர்களாக வந்து, மாமா சமோசா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே நின்றேன். இந்தமுறை முந்தானை தலையில் உறுதியாக இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா உட்கார்ந்தார். எல்லோரும் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அம்மா சர்பத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"ஜரினா எங்கே?" என்றார்.

"உள்ளதான் இருக்கா. இதோ கூப்பிடறேன்..."

"அவ இருக்கட்டும். இன்னொருத்தி எங்கே?"

அத்தா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெருமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இப்பத்தான் பேசினேம்மா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டா. கரெக்ட் டைம்."

"அப்போ சரி," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சர்பத்தை வாங்கிக்கொண்டார். "நிக்காஹ் எப்ப வெச்சுக்கலாம்னு பேசுவோமா?"